புகைப்பட மகாநாடும் சுதேசித் தொழிலும்

ஆண்டுதோறும் நமது தேசத்தின் பெருநகரங்களில் புகைப்படத் தொழிலினரின் மகாநாடும், அதனுடன் சேர்ந்த வியாபாரப் பொருட்காட்சியும் நடைபெறுவதை நேயர்கள் அறிவார்கள். அகில இந்தியப் புகைப்பட வர்த்தக, தொழிற் சங்கத்தார் மும்பையிலும் தில்லியிலும் நடத்தி வந்திருக்கும் பொருட்காட்சி இவற்றுள் முக்கியமானது. நமது மாகாணத்தின் சிற்றூர்களிலிருந்தும் கலியாணப் படம் பிடிப்போர், ஸ்டூடியோ வைத்திருப்போர், ஆல்பம் அச்சிடுவோர் முதலானோர் கைப்பொருளைச் செலவிட்டு ரயிலேறி அங்கே செல்கிறார்கள். புதுக் காமிராக்களைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். வித்வான்களின் உபந்நியாசங்களைக் கேட்கிறார்கள். கடன் பட்டேனும் ஒரு கருவியை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். தொழிலில் முன்னேற வேண்டுமென்ற அவர்களுடைய ஆவலை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அவர்கள் சார்பாகவும் தேசத்தின் சார்பாகவும் ஒரு கேள்வியை எழுப்புவது நமது கடமை. அக்காட்சிச் சாலையில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் கருவிகளில் நாம் செய்தவை எத்தனை?

இக்கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், உலகில் இத்தொழில் அடைந்திருக்கும் மாறுதலைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் 1950 முதல் நடந்து வந்த போட்டோகினா என்னும் பொருட்காட்சி இத்துறையினருக்குக் கும்பமேளா போல் இருந்தது. 2018-க்குப் பிறகு அது கூடவில்லை. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அத்தொகை 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. படம் எடுப்பதை ஜனங்கள் நிறுத்திவிட்டார்களா? இல்லை. முன்னெப்போதையும்விட அதிகமாக எடுக்கிறார்கள். காமிரா கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது, அவ்வளவே. ஆகவே உலகத்தின் காமிராச் சாலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், கைப்பேசிச் சாலை எங்கே இருக்கிறதோ அங்கே என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால், சென்னையிலிருந்து பங்களூர் சாலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்யும் எவரும் அத்தகைய இடத்தை அடைந்துவிடலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்பகுதியைத்தான் சொல்லுகிறோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹுண்டாய் மோட்டார் உற்பத்தி தொடங்கிற்று. 2000-இல் செயின்ட்-கோபேன் கண்ணாடிச் சாலை எழுந்தது. 2006-இல் நோக்கியா கைப்பேசிச் சாலையும், அதன் பின் சாம்சங் சாலையும் வந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ, நிஸான் மோட்டார்களும், 2012-இல் டெய்ம்லர் லாரிகளும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் உருவாகத் தொடங்கின. இன்று பாக்ஸ்கான் சாலையிலிருந்து ஆப்பிள் கைப்பேசிகள் பல தேசங்களுக்குக் கப்பலேறுகின்றன. 2024-25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,400 கோடி டாலரைத் தாண்டிற்று. ஏரியும் வயலுமாக இருந்த பூமியில் ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாறுதலை அற்பமென்று நாம் கூறமாட்டோம். பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது.

ஆயினும் உண்மையை மறைப்பதில் பயன் இல்லை. அக்கைப்பேசியின் முதுகில் மின்னும் காமிராவைப் பிரித்துப் பார்த்தால், ஒளியை மின்சாரமாக மாற்றும் சில்லு ஒன்று இருக்கும். அத்தகைய சில்லுகளைச் செய்வதில் ஜப்பானின் சோனி கம்பெனியே உலகில் முதலிடம் பெற்றிருக்கிறது. சில்லுக்கு மேலே அரிசி மணியினும் மெல்லிய வில்லைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவையும் பெரும்பாலும் கிழக்காசிய தேசங்களில் வார்க்கப்படுகின்றன. வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக் குறி பார்க்கும் மோட்டாரும் வெளியிலிருந்தே வருகிறது. இவற்றைப் பெற்று, ஒன்றாக இணைத்து, சோதித்து, பெட்டியில் அடைத்து அனுப்புவதே இதுவரை நம்மவர் பங்காக இருந்து வந்திருக்கிறது. விலையில் பெரும்பகுதி, கருவியின் சூட்சுமம் யாரிடம் உள்ளதோ அவர்களையே சேர்கிறது.

1906-இல் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர் ஓட்டிய கப்பல்கள் இங்கே கட்டப்பட்டவையல்ல. அவற்றுள் ஒன்று பிரான்ஸிலிருந்து வாங்கப்பட்டது. ஆனால் கப்பலின் உரிமையும், அது எங்கே போக வேண்டும், என்ன கூலி வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் தேச ஜனங்களிடம் இருந்தன. ஆகையால்தான் ஆங்கிலேயர் அஞ்சினார்கள். இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. கருவி நமது மண்ணில் நமது பெண்களின் விரல்களால் பூட்டப்படுகிறது. அதைப் பற்றிய தீர்மானம் எதுவும் இங்கே செய்யப்படுவதில்லை. பொருள் எங்கே பூட்டப்படுகிறது என்ற ஒன்றை மட்டும் பார்த்து அதற்குச் சுதேசி என்று முத்திரையிடலாகாது என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

இதன் விளைவை ஸ்ரீபெரும்புதூர் ஒருமுறை அநுபவித்துவிட்டது. நோக்கியா சாலை 2006-இல் வேலை தொடங்கி, உச்ச நிலையில் எண்ணாயிரம் பேர் வரை நேரடியாக வேலைக்கு வைத்திருந்தது. அதைச் சுற்றி உதிரி பாகம் செய்வோர், வண்டி ஓட்டுவோர், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று வேறு பலர் பிழைத்தார்கள். வரித் தகராறு எழுந்தது. 2014-இல் கைப்பேசிப் பகுதியை மைக்ரோஸாப்ட் விலைக்கு வாங்கியபோது இந்தச் சாலை பேரத்துக்கு வெளியே நின்றது. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி கதவு அடைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு முடிந்தவுடனே வேலைக்கு வந்து, அந்த ஒரு வேலையை மட்டும் அறிந்திருந்த இளைஞரும் யுவதிகளும் நஷ்ட ஈட்டுத் தொகையோடு ஊர் திரும்பினார்கள். சர்க்காரின் வரிக் கோரிக்கை சரியா, கம்பெனியின் வாதம் சரியா என்பது வேறு விசாரணை. எட்டு வருஷம் கோடிக்கணக்கான கைப்பேசிகள் செய்த ஓர் ஊர், கம்பெனி போனபின் தானாக ஒரு கைப்பேசியைச் செய்யும் நிலையில் இல்லை என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும். பின்னர் அவ்விடத்தில் சால்காம்ப் கம்பெனி வந்ததும், பாக்ஸ்கான் மறுபடி தழைத்ததும் நல்ல விஷயங்களே. ஆனால் வந்தவர் போகவும் கூடும் என்ற பாடம் அழிந்துவிடவில்லை.

“அந்நியரை நம்பாதிருக்க வேண்டுமானால் சர்க்காரே சாலை வைக்கட்டும்” என்று சொல்பவர்கள் உண்டு. புகைப்படத் துறையிலேயே அப்பரீட்சையும் நமது மாகாணத்தில் செய்யப்பட்டிருக்கிறது. 1960-இல் மத்திய சர்க்கார் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் ஸ்தாபனத்தை உதகமண்டலத்தில் நிறுவினார்கள். புகைப்படச் சுருளுக்குத் தூசியே எதிரி. ஆகவே நீலகிரியின் குளிர்ந்த, தூய்மையான காற்று தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரான்ஸ் தேசத்து பௌஷே கம்பெனியின் ஒத்தாசையுடன் 1967-இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. “இந்து” என்ற பெயர் தாங்கிய கறுப்பு-வெள்ளைச் சுருள்களும், சினிமாச் சுருள்களும், ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய எக்ஸ்ரே படச் சுருள்களும் அங்கிருந்து வந்தன. நாற்பது வயதைத் தாண்டிய புகைப்படக்காரர் எவரும் அந்தப் பெயரை அறிவார். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்து, மலைமீது ஒரு நகரையே எழுப்பிய அந்த ஸ்தாபனம் 1996-இல் நலிந்ததென்று அறிவிக்கப்பட்டது. பின்னர் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று வெளியேற, சாலை ஓய்ந்தது.

அது வீழ்ந்ததற்குக் காரணம் சுதேசியம் என்று சொல்லுவது அநியாயமாகும். உலகம் கறுப்பு-வெள்ளையை விட்டு வர்ணத்துக்கும், வர்ணச் சுருளை விட்டு டிஜிட்டலுக்கும் தாவியபோது, அந்த ஸ்தாபனம் முதலில் கற்ற வித்தையோடு நின்றுவிட்டது. வித்தையை ஒருமுறை விலைக்கு வாங்கினோம். அதை வளர்க்கும் பரிசோதனைச் சாலையை அதற்கு ஈடாக வளர்க்கவில்லை. கோடாக் போன்ற மகா கம்பெனியே இந்த அலையில் மூழ்கிற்று என்று சிலர் சமாதானம் கூறலாம். கோடாக்கின் கதை இன்னும் கடுமையான பாடம். 1975-இல் டிஜிட்டல் காமிராவை முதன்முதல் செய்து பார்த்தவர் அக்கம்பெனியின் எஞ்சினீயர் ஸ்டீவன் ஸாஸன். கையில் இருந்த புது வித்தையைச் சுருள் வியாபாரத்தின் லாபத்துக்காக வளர்க்கத் தயங்கியவர்கள் 2012-இல் திவால் சட்டத்தின் நிழலை நாடினார்கள். தனியார் முதலாயினும் சர்க்கார் முதலாயினும் வித்தை தேங்கினால் தொழில் அழியும்.

இனி, “எல்லாவற்றையும் ஒரே தேசம் செய்துகொள்ள முடியுமா? உலகமே பங்கு போட்டுக்கொண்டு உழைக்கும் காலத்தில் சுதேசி பேசுவது பழங்கதையல்லவா?” என்று படித்த நண்பர்கள் சிலர் ஆட்சேபிப்பார்கள். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஜப்பானும் அப்படித் தொடங்கவில்லை. 1933-இல் டோக்கியோவில் ஒரு சிறு பரிசோதனைக் கூடம் ஜெர்மனியின் லைக்கா காமிராவைப் பிரித்துப் பார்த்து, அதுபோல் ஒன்று செய்ய முயன்றது. அதுவே இன்று கானன் என்னும் கம்பெனி. அவர்களுடைய முதற் காமிரா 1936-இல் விற்பனைக்கு வந்தபோது அதற்கு வில்லை செய்து கொடுத்தது நிப்பான் கோகாகு; இன்று நிக்கான் என்று நாம் அழைக்கும் கம்பெனி. ஒருவர் உடலைச் செய்ய, மற்றவர் கண்ணைச் செய்தார். இருவரும் தத்தம் வித்தையை விடாமல் வளர்த்தார்கள். உலகப் பங்கீட்டில் சேருவதற்கு நாம் மறுக்கவில்லை. நம்மைத் தவிர வேறொருவர் எளிதில் செய்யமுடியாத ஏதோ ஒரு பாகம் நமது கையிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். கைகட்டிக் கூலிக்கு நிற்பவனையும், ஒரு வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுபவனையும் உலகம் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

நம்மவருக்கு அந்தச் சக்தி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1979-இல் விண்ணேறிய பாஸ்கரா உபக்கிரகத்திலும், 1988-இல் ஏறிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ உபக்கிரகத்திலும் பூமியைப் படமெடுக்கும் காமிராக்களை நமது விஞ்ஞானிகளே அமைத்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் உயரத்திலிருந்து வயலையும் ஏரியையும் பிரித்துக் காணும் கண்ணைச் செய்தவர்களுக்குக் கலியாண மண்டபத்தில் மணமகளைக் காணும் கண்ணைச் செய்யத் தெரியாதா? ஒளியியலுக்குரிய கண்ணாடியைக் கல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி, மண்பாண்ட ஆராய்ச்சி நிலையத்தார் நெடுங்காலத்துக்கு முன்பே உருக்கிக் காட்டினார்கள். ஜன்னல் கண்ணாடிக்கும் வில்லைக் கண்ணாடிக்கும் உள்ள தூரம் பெரிது. குமிழியும் கோடும் இல்லாமல், ஒளி எங்கும் ஒரே அளவில் வளையும்படி, மிக மெதுவாக ஆற்றி எடுக்கவேண்டிய பொருள் அது. அந்தத் தூரத்தைக் கடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய வித்தை பாதுகாப்புத் துறைக்கும் விண்வெளித் துறைக்கும் பயன்பட்டது. சந்தைக்கு வந்து சேரவில்லை. பரிசோதனைச் சாலைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே பாலம் கட்டப்படாததே நமது குறை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் அப்பாலத்தைக் கட்டுவதற்கு வேண்டிய கற்கள் கிடக்கின்றன. கைப்பேசிக் காமிராவின் வில்லைகள் பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆகவே நுட்பமான அச்சு செய்வோரே இத்தொழிலின் உயிர்நாடி. மோட்டார்ச் சாலைகளுக்காக அச்சும் வார்ப்பும் செய்து தேர்ந்த கைகள் இப்பகுதியில் உண்டு. அவர்களுடைய நுட்பத்தை இன்னும் பல படி உயர்த்த வேண்டும். அடிப்படை இல்லாமல் இல்லை. மோட்டார் வண்டிகளிலும் பின்னோக்கிப் பார்க்கும் காமிராக்கள் பெருகிவிட்டபடியால், வாங்குவோரைத் தேடிக் கடல் கடக்கவேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வேலிக்குள்ளேயே இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் மத்திய மந்திரிசபை ஏறத்தாழ 22,919 கோடி ரூபாய் மதிப்பில் மின்னணு உதிரிபாகத் திட்டத்தை ஒப்புக்கொண்டது. காமிரா மாட்யூலும் அதில் இடம்பெற்ற பொருள்களுள் ஒன்று. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சர்க்காரும் தமது சொந்த உதிரிபாகத் திட்டத்தை வெளியிட்டார்கள். இவை நல்ல சகுனங்களே. ஆனால் மாட்யூலைப் பூட்டுவதோடு நின்றால், பெரிய பெட்டியைப் பூட்டியவர்கள் சிறிய பெட்டியைப் பூட்டினார்கள் என்றாகும். மானியம் பெறும் ஒவ்வொரு கம்பெனியும் இங்கே எத்தனை எஞ்சினீயர்களை வடிவமைப்பு வேலையில் வைத்திருக்கிறது, எந்தக் கல்லூரியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறது என்பதை ஆண்டுதோறும் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும். ஜனங்களின் வரிப்பணம் செல்லும் இடத்தில் ஜனங்களுக்குக் கணக்குக் கேட்கும் பாத்தியதை உண்டு.

தொழிலாளர் விஷயத்தைச் சொல்லாமல் இதை முடிப்பது தர்மமாகாது. இக்கருவிகளைப் பூட்டுவோரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் உள் ஜில்லாக்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் தங்கிய விடுதியொன்றில் கெட்ட உணவால் 150-க்கு மேற்பட்டோர் நோயுற்றதும், பெண்கள் நள்ளிரவில் பங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டதும் தேசத்துக்கே தெரியும். சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. சாலையில் அமர்ந்த அந்தப் பெண்களுக்கு அதில் பங்கு உண்டென்றே நாம் கருதுகிறோம். அதே ஆண்டு செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. சங்கம் சேரும் உரிமை அரசியல் சாசனத்தின் 19-வது ஷரத்து அளித்தது; அதைப் பெறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது என்பது வெட்கத்துக்குரியது. முதலீடு ஓடிவிடும் என்ற பூச்சாண்டியைக் காட்டித் தொழிலாளர் வாயை அடைப்பவர்கள், நோக்கியா போனது வேலைநிறுத்தத்தால் அல்ல என்பதை நினைவில் வைக்கட்டும்.

ஆகவே, பொருட்காட்சிக்குச் செல்லும் அன்பர்களுக்கு நாம் சொல்லுவது இது. கட்டாயம் செல்லுங்கள். ஆனால் வேடிக்கை பார்ப்பவராகச் செல்லாதீர்கள். ஒவ்வொரு கடையிலும் இக்கேள்விகளைக் கேளுங்கள்: இது எங்கே செய்யப்பட்டது? இதன் வில்லை யாருடையது? பழுதானால் தமிழ்நாட்டில் எங்கே சீர்செய்வீர்கள், உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்? இதன் செய்முறைக் குறிப்பு தமிழில் உண்டா? ஆயிரம் பேர் கேட்டால் வியாபாரிகள் விடை தயாரித்தே தீருவார்கள். டிஜிட்டல் காமிரா மீதான சரக்கு, சேவை வரி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மேலும் சலுகை கேட்பதற்குமுன், உள்நாட்டில் செய்த பாகம் அதிகமுள்ள கருவிக்கே முதற் சலுகை என்று தொழிலினரே தீர்மானம் நிறைவேற்றட்டும். வாங்குவோர் சங்கமாக மட்டும் இருக்கும் கூட்டம் செய்வோர் சங்கமாகவும் மாற வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு யோசனை சொல்லுகிறோம். சென்னையில் 2016 முதல் நடந்து வரும் புகைப்படக் கலை விழா, படத்தைப் பற்றிய ரசனையை வளர்த்திருக்கிறது. அதற்குத் துணையாக, படக்கருவி பற்றிய மகாநாடு ஒன்று ஆண்டுதோறும் நமது மாகாணத்தில் கூட வேண்டும். நந்தம்பாக்கத்து வர்த்தக மையத்தில் பொருட்காட்சியும், மறுநாள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளைப் பார்வையிடுவதும் என்று அதை அமைக்கலாம். கும்பகோணத்துப் புகைப்படக்காரரும், ஒரகடத்து அச்சுத் தச்சரும், கிண்டியிலுள்ள எஞ்சினீயரிங் கல்லூரி மாணவரும், வரிசையில் நின்று காமிராவைச் சோதிக்கும் தொழிலாளிப் பெண்ணும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசட்டும். கருவியை உபயோகிப்பவனுக்குத் தெரிந்த குறையும், செய்பவளுக்குத் தெரிந்த சூட்சுமமும் சந்திக்கும் இடத்தில்தான் புது வித்தை பிறக்கும்.

ஸ்ரீமான் ஏ. கே. செட்டியார் இளம்வயதில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று படம் பிடிக்கும் கலையைக் கற்றார். கற்ற வித்தையைக் கொண்டு, உலகைச் சுற்றித் துண்டுப் படங்களைச் சேகரித்து, 1940-இல் மகாத்மாவைப் பற்றிய சித்திரத்தைத் தமிழில் அளித்தார். வெளிநாட்டிலிருந்து எதைக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு அவரே நமக்கு வழிகாட்டி. அவர் கொண்டுவந்தது பெட்டியில் அடைத்த சரக்கு அல்ல, கையில் படிந்த வித்தை.

ஸ்ரீபெரும்புதூர் பகவத் ராமாநுஜர் அவதரித்த ஊர். ரகசியமாகக் காக்கும்படி குரு உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் நின்று யாவரும் கேட்க உரைத்தவர் அவர். பலர் உய்வதானால் தான் நரகம் புகவும் சித்தமென்று நின்றவர் என்பது வைஷ்ணவ மரபு. அவர் பிறந்த மண்ணில் இன்று உயர்ந்த மதில்களுக்குள் உலகத்தின் நுட்பமான கருவிகள் உருவாகின்றன. அவற்றின் மந்திரம் மட்டும் மதிலுக்கு வெளியே கேட்பதில்லை. அதைக் கேட்டறியும் உறுதி நமது இளைஞர்களுக்கும், கேட்கும்படி செய்யும் துணிவு நமது சர்க்காருக்கும் வேண்டும். கூலி பெற்று மகிழும் காலம் எந்நாளும் நிலைக்காது. வித்தையைக் கைப்பற்றும் முயற்சியை இந்த ஆண்டே தொடங்குவோமாக.